நீங்கள் கொண்டுவர வேண்டிய இரண்டு தாள்கள்

இஞ்சாருங்கோ,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கட்டாருக்கு வரும் சுலக்சனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் அண்ணர் சொன்னது உண்மைதான். அன்புவழிபுரம் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பெண் பிள்ளைகளுக்கு வட்டி, கடன், சேமிப்பு எல்லாம் படிப்பிக்கிறேன். அதே வகுப்பில் ஆணுறை பற்றியும் உடலுறவால் தொற்றும் நோய்கள் பற்றியும் படிப்பிக்கிறேன். "காசுக் கதையை மட்டும் வைச்சுக்கொண்டு மற்றதை விடு" என்கிறீர்கள்.

ஏலாது. எனக்கு இரண்டும் ஒரே ஆளிடமிருந்துதான் வந்தன.

போன முறை லீவு முடிந்து நீங்கள் போன பிறகு, பல்லு வலி என்று மாமிக்குப் பொய் சொல்லிவிட்டு இரண்டு தரம் தனியாகப் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுத்தேன். அதே மாதம், நீங்கள் காட்டிய இடத்தில் நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்த கடனுக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது.

கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளையிடம் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கடன் விபரத்தையும் கேளுங்கள், உங்களுடையதையும் காட்டுங்கள் என்று போன கிழமை வகுப்பில் சொன்னேன். லக்சாயினி என்றொரு பிள்ளை எழும்பி, "டீச்சர், நீங்கள் கேட்டனீங்களோ?" என்றாள்.

கையிலிருந்த சோக்கட்டியை மேசையில் வைத்தேன்.

"இல்லைப் பிள்ளை. இனித்தான் கேக்கப் போறன்" என்றேன்.

தை மாதம் வரும்போது சொக்லேட்டும் சென்ட் போத்தலும் வேண்டாம். அந்த இரண்டு தாள்களையும் கொண்டு வாருங்கள். என்னுடையவை அலுமாரியில் தயாராக இருக்கின்றன. வெறுங்கையோடு வந்தால் உங்களுக்குப் பாய் விறாந்தையில்தான்.

இப்படிக்கு,
வகுப்பை நிறுத்தாத உங்கள் மனைவி