ஒன்பதாவது கேள்வி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, நல்ல சேதி அது ஒன்றுதான். உன் தம்பி அறையை விட்டு வெளியே வராமல் ஐந்து மாதம் ஆகிறது, அம்மா நீட்டினால் மாத்திரையை விழுங்குகிறான், குளித்துப் பத்து நாளாகிறது. நீயோ போனில் நல்லா இருக்கேன்ப்பா, வேலை இருக்கு என்று வைத்துவிடுவாய், இப்போது எடுப்பதுகூட இல்லை, அதனால்தான் கடிதம்.

அவனுக்கு மாத்திரை தரும் ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுக்கும் ஆராய்ச்சி நடக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஒரே வீட்டில் ஒருவருக்கு மன அழுத்தம் வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை, அது ஏன் என்று தேடுகிறார்கள். நம் வீட்டில் நோய் வராத ஆள் என்று நான் போனேன். பெல்ட், சாவி, மோதிரம் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள். முப்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு இடுக்கு பெரிதில்லை, சத்தம்தான் மண்டையைப் பிளந்தது. கண்ணுக்கு நேரே முகமுகமாகக் காட்டினார்கள், ஆணா பெண்ணா என்று பொத்தானை அமுக்க வேண்டும். சோகமான முகத்தைக் கண்டால் மூளையில் ஓரிடம் பதறுமாம், இன்னோரிடம் அதை அடக்குமாம், சிலருக்கு அந்த அடக்குவது சரியாக நடப்பதில்லையாம். வீட்டில் வந்து சொன்னால் உன் அம்மா, உங்களுக்கு மூளை இருக்குன்னு இப்பவாவது அத்தாட்சி கிடைச்சுதே என்றாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் நான் செய்தது அயோக்கியத்தனம், கண்ணு. குழாய்க்குள் போகும் முன், எனக்கு எப்போதாவது இந்த நோய் வந்ததுண்டா என்று கேட்டுக் கொடுத்த படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்றே கோடு போட்டேன். நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது மூன்று மாதம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிப்ட் மோட்டார் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டை வழியில் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வருவேன். உன் அம்மாவுக்கே தெரியாது. இந்த வீட்டில் ஒருத்தனாவது சரியாக இருந்தான் என்று எங்காவது எழுதி வைக்க ஆசைப்பட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை போய் ஆராய்ச்சி டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். சின்னப் பெண், கோபப்படவில்லை. ஒருத்தர் படத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, நூத்துக்கணக்குல சேர்த்துப் பார்த்தாதான் ஏதாவது தெரியும், அதுல எத்தனை பேர் உங்களை மாதிரி எழுதியிருக்காங்களோ என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே தம்பி கட்டிலில் போய் உட்கார்ந்து, எனக்கும் வந்திருந்ததுடா என்றேன். நாலு நாளாக வாய் திறக்காதவன், எப்படிப்பா வெளியே வந்தே என்று கேட்டான். தெரியலடா, ஒரு நாள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன், அவ்வளவுதான் என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெற்ற பிள்ளை கேட்ட ஒரே கேள்விக்கு இதுதானா என்னால் கொடுக்க முடிந்தது என்று மனசு விட்டுப் போய்விட்டது.

இதே படிவத்தை நீயும் நிரப்பி, ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பினாய். உறை ஒட்டியிருக்கவில்லை, படித்தது தப்புதான். எல்லாமே இல்லை, இல்லை. ஆனால் தூங்கினால் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியில் வெள்ளை மை பூசி இல்லை என்று மாற்றியிருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அடியில் ஆம் என்ற கட்டத்தில் கோடு தெரிந்தது. அதை நான் கொடுக்கவில்லை, என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இவனை விட்டு வரவும் முடியவில்லை, உன்னை அங்கே தனியாக விடவும் முடியவில்லை, அம்மாவை உன்னிடம் அனுப்ப டிக்கெட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை நீ யாரிடமாவது சொல். அங்கே ஒரு டாக்டரிடம் போ, இன்றைக்கே போ.

நீ இருக்க வேண்டும், கண்ணு, அதைத் தவிர வேறு ஆசீர்வாதம் என் வாயில் வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. தினமும் காலையில் கூப்பிடுவேன், போனை எடு. பேச வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம், நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும்.

உன் அப்பா