க்ளட்ச் கால்

ஜூன் 3, செவ்வாய்

பதினெட்டு வருஷமாக அஞ்செட்டி மலைப்பாதையில் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். ஒரு கீறல் கிடையாது. நேற்று என் மனைவி முனிலட்சுமிக்கு ஸ்கூட்டி கற்றுக்கொடுக்கிறேன் என்று பின்னால் உட்கார்ந்தேன். வண்டி சாய்ந்தது, இடது காலை ஊன்றினேன், முடிந்தது கதை. "உங்கள யாரு ஊனச் சொன்னது?" என்கிறாள்.

ஓசூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். முட்டிக்குக் கீழே எலும்பின் மேல்தட்டு ஒரு பக்கம் உள்ளே அமுங்கிவிட்டதாம். கட்டு போட்டால் போதாதா என்றேன். அப்படியே விட்டால் கால் கோணிக்கொள்ளும், மூட்டும் சீக்கிரம் தேயும் என்றார். இடது கால் இல்லாமல் க்ளட்ச் ஏது, பஸ் ஏது?

ஜூன் 6, வெள்ளி

ஆபரேஷன் ஆயிற்று. முதுகில் ஊசி. பெரிதாகக் கிழிக்கவில்லை, சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே, அமுங்கின எலும்பைக் கீழிருந்து தூக்கி ஸ்க்ரூ போட்டார்கள். நானும் பார்த்தேன். ஜாக்கி போடுகிற வேலைதான். என்னை யாரும் யோசனை கேட்கவில்லை.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது: காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஆனால் தினமும் மடக்கி நீட்டியே ஆக வேண்டும்.

ஜூன் 14, சனி

பஸ் பொறுப்பாளர் ராஜசேகர் சார் வந்தார். துளைமேல் ஒட்டியிருந்த சின்ன பிளாஸ்டரை எட்டிப் பார்த்தார். "இவ்ளோதானா வெங்கட்டு? கொசு கடிச்ச மாதிரி இருக்குது. அடுத்த மாசம் வந்துடு. தினேஷ்குமார எத்தன நாளைக்கு உன் பஸ்ல ஓட்ட வெக்கறது?"

துளை சின்னதென்றால் எலும்பும் கொஞ்சமாகத்தான் உடைந்திருக்குமா? கேட்கவில்லை. "டாக்டர் சொன்னாத்தான் சார் வருவேன்" என்றேன். வேலை போனாலும் சரி, பாதிக் காலோடு நாற்பது உயிரை மலையில் இறக்க மாட்டேன்.

ஜூலை 5, சனி

கால் முழுசாக நீளவில்லை. பிசியோதெரபி பார்க்கும் ஹரிணிக்குக் கோபம். "முட்டிக்கு அடியில தலகாணி வெக்கறீங்களா?"

வைப்பது அம்மா. பிள்ளைக்கு வலிக்குமே என்று மெத்தென்று ஒன்று வைத்துவிட்டுப் போவாள். சுகமாகத்தான் இருந்தது. மடங்கின நிலையிலேயே முட்டி இறுகிக்கொண்டு வருகிறதாம். நீளாத காலை வைத்து க்ளட்ச்சை எப்படி முழுசாக அமுக்குவது? டாக்டர் சரியாகத்தான் செய்தார், நாங்கள்தான் படுக்கையில் கெடுத்துவிட்டோம்.

அம்மாவிடம் கத்திவிட்டேன். தலையணையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இனி குதிகாலுக்கு அடியில்தான் தலையணை. முட்டி அந்தரத்தில் தொங்கித் தானாக நீள வேண்டும். உயிர் போகிற வலி. அம்மாவே வைத்தாள். "தாங்கிக்கோ சாமி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 19, சனி

ராஜசேகர் சார் போன். இன்னும் இல்லை சார் என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எக்ஸ்ரேயில் எலும்பு கூடி வருகிறது. பாதி எடை ஊன்றலாம். கால் முழுசாக நீள்கிறது. அம்மா மூன்று தடவை நீட்டிக் காட்டச் சொன்னாள்.

செப்டம்பர் 27, சனி

வண்டி எடுக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ராஜசேகர் சார் கம்பெனி மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். "அங்க க்ளட்ச்சுக்கு என்ன சார் வேல? மலைக்கு வாங்க" என்றேன்.

காலி பஸ். அவர் பக்கத்தில். ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். ஒரு அடிகூடப் பின்னால் உருளவில்லை. முட்டி வலித்தது, சொல்லவில்லை. கால் நான் சொன்னதைக் கேட்டது. அவர் இறங்கும்போது, "தினேஷ கிருஷ்ணகிரி ரூட்டுக்குப் போட்டுடறேன்" என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

மறுபடி பஸ் எடுத்த முதல் ஷிப்ட். நாட்றாம்பாளையத்தில், கம்பெனியில் வேலை செய்கிற ஸ்வாதி ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். "கால் தேவலையாண்ணா?"

"தேவலம்மா."

நம்பின மாதிரி தெரியவில்லை. என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் கியர் குறைத்து, க்ளட்ச்சிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தேன்.

இறக்கம் பாதி வந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அதே கண்ணாடியில் பின் சீட்டுகளையும் பார்த்தேன். மொத்த பஸ்ஸும் தூங்குகிறது.