வேம்பாருக்கு ஒரு முறை, உடன்குடிக்கு ஒரு முறை

10 ஜூலை 2024, புதன்

இன்றும் கடையை அடைத்துவிட்டுத் தூத்துக்குடி போய் வந்தேன். மளிகைக் கடைகளுக்கு உணவு உரிமம் புதுப்பிக்க முகாமாம். நடத்துவது நம் முத்துக்கரை வணிகர் பேரவை. எங்கே நடத்துவார்கள்? பேரவை அலுவலக மாடியில்தான். வேம்பாரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கே வரிசையிலும் நின்றால், "சர்வர் வேலை செய்யலம்மா, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். நாளைக்கா? நான் என்ன பக்கத்துத் தெருவிலா இருக்கிறேன்? வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன். அப்படியும் மனசு ஆறவில்லை.

பேரவையில் மூன்று மண்டலம். நடுவில் மாநகர், வேம்பார் பக்கம் வடக்கு, உடன்குடி திருச்செந்தூர் பக்கம் தெற்கு. சந்தா எல்லாருக்கும் ஒன்றுதான். தலைவர் மட்டும் ஆரம்பித்த நாளிலிருந்து மாநகரத்துக்காரர். அதனால் கூட்டம், முகாம், விருந்து எல்லாம் அவர்கள் வாசலிலேயே.

சாயங்காலம் அய்யாக்குட்டி அண்ணாச்சி கடைக்கு வந்தார். வடக்கு மண்டலச் செயலாளர். "தாயி உமாராணி, இந்தத் தடவை நீ தலைவருக்கு நில்லு" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். நான் மனுப் போட வேண்டும். அவர் மாநகரத்துக்காரர்களிடம் பேரம் பேசுவார். பேரம் படிந்ததும் நான் வாபஸ் வாங்க வேண்டும்.

உட்காரச் சொல்வதற்காகவே ஒருத்தியை நிற்கச் சொல்கிறார்கள்! இருந்தும் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? எல்லாம் அந்த சர்வர் மேல் இருந்த கோபம்.

14 ஜூலை, ஞாயிறு

மனுக் கொடுத்தாயிற்று. வாங்கியவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி வரலையா?"

"எந்த அண்ணாச்சி?"

"மனுப் போடுதவிய."

"அது நான்தான்."

அவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என் வீட்டுக்காரர் மகாராஜன் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மொத்தம் நான்கு பேர். மாநகரில் இரண்டு அணி. ஒன்றுக்கு இரும்புக்கடை ராஜபாண்டி, இன்னொன்றுக்கு அரிசி மண்டி கிருபாநிதி. மேடையில் யார் நடுவில் உட்காருவது என்று வந்த சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தெற்கில் உடன்குடி கருப்பட்டி வியாபாரி செந்தூர்வேல். வடக்கில் நான். பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி. யாரும் வாங்காவிட்டால் முதல் இரண்டு பேருக்கு மறுபடியும் தேர்தல்.

25 ஜூலை, வியாழன்

பேரம் படிந்துவிட்டதாம். ராஜபாண்டிக்காக நான் விலகினால் வடக்குக்குத் துணைத் தலைவர் பதவி. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

துணைத் தலைவரா? எத்தனை துணைத் தலைவரைப் பார்த்திருக்கிறோம்! மேடையில் கடைசி நாற்காலி. எல்லாரும் பிரியாணிக்கு எழுந்து போன பிறகு நன்றியுரை. போன துணைத் தலைவர் மைக்குக்கு நன்றி சொன்னபோது கேட்க மைக்செட்காரர் மட்டும்தான் இருந்தார்.

நாளை போய் வாபஸ் கையெழுத்துப் போட வேண்டும். காலை பஸ்ஸுக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

26 ஜூலை, வெள்ளி

போகவில்லை.

சேலையைக் கட்டிக்கொண்டு கடையைத் திறந்தேன். பருப்பு நிறுத்தேன், எண்ணெய் ஊற்றினேன். போன் அடித்தது.

"ஏளா, எங்கன இருக்க? இங்கன எல்லாரும் காத்துக் கெடக்கோம்!"

"கடையில இருக்கேன் அண்ணாச்சி."

"வெளையாடுதியா? என் மானம் போவுது!"

"நான் நிக்கத்தான் போறேன். உண்மையாவே நிக்கேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்துத் திரும்பினேன். பின்னால் என் வீட்டுக்காரர் நின்றிருக்கிறார், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "கடையை நான் பாத்துக்கிடுதேன். நீ ஓட்டுக் கேக்கப் போ" என்றார். இந்த மனுஷனுக்கு மல்லிக்கும் சீரகத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சந்தோஷத்தில் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

முத்தையாபுரத்தில் என் தங்கை பிரேமா வீட்டில் வைத்து செந்தூர்வேலைச் சந்தித்தேன். மாநகரத்துக்காரர்கள் கண்ணில் படாத இடம் வேண்டுமே. பார்க்கச் சாதுவாக இருந்தார். கருப்பட்டிப் பேச்சு எடுத்ததும்தான் ஆள் யாரென்று தெரிந்தது.

"அக்கா, வேம்பார் கருப்பட்டியும் கருப்பட்டிதான். இல்லங்கல. ஆனா உடன்குடி கருப்பட்டின்னு கேட்டுத்தான வாங்குதாவ?"

"தம்பி, பேர் உங்களுக்கு, ருசி எங்களுக்கு."

அரைமணி நேரம் இதே சண்டை. பிரேமா இரண்டு தடவை காப்பி போட்டுவிட்டாள். "ஏளா, நீங்க கூட்டணி பேச வந்தியளா, பதநீ காய்ச்ச வந்தியளா?" என்று அவள் அதட்டிய பிறகுதான் வழிக்கு வந்தோம்.

முடிவு இது. முதல் சுற்றில் இரண்டு பேரும் நிற்பது. யார் முந்துகிறாரோ அவருக்கு மற்றவர் ஓட்டு முழுவதும். ஜெயித்தவர் சுழற்சி விதி கொண்டுவர வேண்டும்: வடக்கு, தெற்கு, மாநகர் என்று ஆண்டுக்கு ஒரு மண்டலம். பதவியில் இருந்தவர் அடுத்த ஆண்டு ஒதுங்கிவிட வேண்டும். எழுதிக்கொள்ளவில்லை. "வாய்ப்பேச்சு போதும்க்கா" என்றார். போதுமா? பார்ப்போம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி மாதம், கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

ராஜபாண்டி 148. நான் 97. செந்தூர்வேல் 93. கிருபாநிதி 71.

நான்கே ஓட்டில் முந்தியிருக்கிறேன்! செந்தூர்வேல் முகம் ஒரு நிமிஷம் சுருங்கிப்போனது. அப்புறம் வந்து, "இனி எங்க ஓட்டும் ஒங்களுக்குத்தான்க்கா" என்றார். அந்த ஒரு நிமிஷத்தை மறைக்காமல் இருந்ததற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

ராஜபாண்டியும் கிருபாநிதியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் சால்வை போர்த்தி, பல்லைக் காட்டிப் போட்டோ. முகம் பார்த்துப் பேசாதவர்கள்! வேம்பார்க்காரி வந்துவிடக் கூடாது என்றதும் சிரிப்பு வந்துவிடுகிறது.

அவர்கள் ஓட்டைக் கூட்டினால் 219. எங்கள் ஓட்டு 190. பத்தாது.

அது போதாதென்று மறுதேர்தலைச் செப்டம்பர் எட்டாம் தேதி வைத்திருக்கிறார்கள். ஆவணியில் பெரிய முகூர்த்த ஞாயிறு. வேன், கார் எதுவும் வாடகைக்குக் கிடைக்காது. வடக்கும் தெற்கும் எதில் ஏறி ஓட்டுப் போட வருவார்கள்? நன்றாக யோசித்துத்தான் தேதி குறித்திருக்கிறான்கள் பாவிகள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

21 ஆகஸ்ட், புதன்

சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் சொன்னார்: "ஏளா உமா, எட்டாம் தேதி நமக்கே மூணு கல்யாணம். மூணும் தூத்துக்குடி மண்டபம்."

"அதுக்கென்ன இப்போ?"

"நீதான் வேன் கெடைக்காதுன்னு அழுத. கல்யாணத்துக்கு ஊரே வேன் புடிச்சுத்தான போவுது?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஆமாம்! நம் ஊர்க்காரர்களுக்கு இப்போது வீட்டு வாசலில் பந்தல் போட்டால் பிடிப்பதில்லை. ஏசி மண்டபம் வேண்டும். ஏசி மண்டபம் என்றால் தூத்துக்குடி. செந்தூர்வேலுக்குப் போன் செய்தேன். உடன்குடியிலும் அதே கதை! அங்கிருந்தும் ஏழெட்டு வேன் மாநகர் மண்டபங்களுக்கு வருகிறதாம். இரண்டு பேரும் போனில் சிரித்த சிரிப்பில் அவர் வீட்டில் என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்களாம்.

8 செப்டம்பர், ஞாயிறு

என்ன நாள்! எதை முதலில் எழுத?

ஓட்டுப்பதிவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. தாலி கட்டி முடிந்ததும் எங்கள் ஆட்கள் பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக வேன் வேனாக வந்து இறங்கினார்கள். நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. அய்யாக்குட்டி அண்ணாச்சி என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மண்டப வாசலில் நின்றுகொண்டு அவர்தான் அதட்டினார்: "ஏலே, மொதல்ல ஓட்டு, பொறவு சாம்பார்!"

பதினொரு மணி. எங்கள் வரிசை நீளுகிறது. மாநகர் வரிசையில் ஆளே இல்லை. ராஜபாண்டி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எங்கே போனார்கள் எல்லாரும்?

திருச்செந்தூருக்கு! கிருபாநிதியின் அண்ணன் மகனுக்குக் கோயிலில் வைத்துக் கல்யாணம். மாநகரத்து வியாபாரிகள் பாதிப் பேர் அங்கேதான். தாலி கட்டியதும் கிளம்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் அது நடக்குமா? கிளம்பியவர்களை எல்லாம் கிருபாநிதியே கையைப் பிடித்து இழுத்து, "சாப்பிடாம போனா எனக்கு மரியாதை இல்ல" என்று பந்தியில் உட்கார வைத்திருக்கிறார். தன் கூட்டணி ஓட்டுக்கெல்லாம் தானே பாயசம் ஊற்றியிருக்கிறார்! எழுந்து கிளம்பினால் ஆத்தூர்ப் பாலத்தில் கல்யாண வண்டி நெருக்கடி. பாதிப் பேருக்கு மேல் ஒரு மணிக்குள் வந்து சேர முடியவில்லை.

நான் 176. ராஜபாண்டி 152.

செந்தூர்வேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். தெற்கிலிருந்து வந்தவர்களில் பலருக்கு என் முகமே தெரியாது. "எவிய நம்ம தலைவரு?" என்று கேட்டு, என்னைக் கண்டுபிடித்துக் கை கொடுத்தார்கள். நம்ம தலைவர் என்றார்கள். என் வீட்டுக்காரரைத் தேடினேன். எங்கள் மூன்று கல்யாணத்துக்கும் மொய் எழுதிவிட்டு அப்போதுதான் ஓடி வருகிறார். எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

9 செப்டம்பர், திங்கள்

கடை திறந்தேன். மல்லியும் சீரகமும் ஒரே டப்பாவில்.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

வேம்பாரில் உணவு உரிம முகாம்! போன மாதம் உடன்குடியில், இன்று இங்கே. கணினியைக் கொண்டுவந்து பள்ளிக்கூட வகுப்பில் வைத்தோம். உப்பளத்துப் பக்கம் டீக்கடை போட்டிருக்கும் இசக்கித்தாய் நடந்தே வந்து வேலையை முடித்துவிட்டு, கொதிக்க வைத்த பால் ஆறுவதற்குள் கடைக்குத் திரும்பிவிட்டாள். இதற்குத்தானே நின்றேன்.

மதியம் அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தாயி, அடுத்த தடவையும் நீதான்."

"சுழற்சின்னு சொல்லியிருக்கோமே?"

"அது கெலிக்கதுக்கு முன்னாடி பேசுன பேச்சு."

அவரைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லையே, ஏன்? நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. நான் உள்ளே போனால் எழுந்து நிற்கிறார்கள். போன் செய்தால் அதிகாரிகள் எடுக்கிறார்கள். மாநகரத்துக்காரர்கள் ஏன் இதை விடவில்லை என்று இப்போது புரிகிறது.

1 ஜூன், ஞாயிறு

அடுத்த தேர்தலுக்கான பேச்சு ஆரம்பித்துவிட்டது. செந்தூர்வேல் வாரம் ஒரு முறை போன் செய்கிறார். சரக்கு, வரி, முகாம் எல்லாம் பேசுகிறார். சுழற்சியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கேட்டுத் தொலைத்தால் என்ன? கேட்டால், "ஏன் தம்பி, என்னை நம்பலையா?" என்று சண்டை போட்டு, அந்தச் சாக்கிலேயே மாற்றிப் பேசியிருப்பேன். கேட்காமலே இருந்து என் வழியை அடைக்கிறார் மனுஷன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு இன்னொரு வருஷம் இருக்கணும்னு ஆசையா இருக்குங்க."

"இருக்கத்தான் செய்யும்" என்றார். "அவனுக்கும் இருக்கும்லா?"

15 ஜூன், ஞாயிறு

பொதுக்குழு. சுழற்சித் தீர்மானத்தை நானே வாசித்தேன். "அடுத்த ஆண்டு தெற்கு" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது, சமாளித்துவிட்டேன். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாநகரத்துக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்தேன். கிருபாநிதி எழுந்தார். "மூணாவது வருஷம் எங்களுக்கு நிச்சயமா?"

"நிச்சயம்."

"அப்போ நானும் ராஜபாண்டியும் மூணு வருஷத்துக்கு ஒருதரம் சண்டை போட்டாப் போதும். நல்லதுதான்!" சபையே சிரித்தது. ராஜபாண்டியும் சிரித்தார். தீர்மானம் நிறைவேறியது.

செந்தூர்வேல் மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, நீங்க மாத்திருவியளோன்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். எனக்கும் கண் கலங்கியது. ஆசை விட்டுப்போன துக்கமா, சந்தோஷமா? சந்தோஷம்தான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. மனசு லேசாக இருக்கிறது.

20 ஜூலை, ஞாயிறு

இந்த முறை தெற்கிலிருந்து இரண்டு பேர் நிற்கிறார்கள், செந்தூர்வேலும் ஒரு திருச்செந்தூர்ப் பாத்திரக் கடைக்காரரும். ஓட்டு மூன்று மண்டலத்துக்கும் உண்டு. செந்தூர்வேல் மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட இன்று உடன்குடி போனேன்.

தனியாகத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே வடக்கு மண்டலமே இருக்கிறது. முன் சீட்டில் அய்யாக்குட்டி அண்ணாச்சி. ஒரு மாதமாக என்னிடம் முகம் கொடுக்காதவர், "ஏறு தாயி, நேரமாவுது" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்க்கிறேன். உடன்குடி பஜாரில், வெயிலில், கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார் அண்ணாச்சி. செந்தூர்வேலோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்களிடம், அவருடைய சொந்த மாமனிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் கைகூப்பி நின்று ஓட்டுக் கேட்கிறார்:

"செந்தூர்வேலு எங்க ஆளு. கைவிட்டுராதிய."