லாபம், டூ, த்ரீ

பம்பாய்,
மாசி 8, 1953

அன்புள்ள அழகியநாயகிக்கு,

நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே? அத்தைக்கு என் வணக்கம்.

எங்கள் கப்பலின் சாமான் அறை அதிகாரி மாற்றலாகிப் போகிறார். ஒவ்வொரு பொருளையும் எண்ணிக் காட்டினால்தான் புதியவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவார். நான் இங்கிலீஷில் கம்பளிகளை எண்ண, என்னுடன் வேலை பார்க்கும் வங்காளி முகர்ஜி எண்ணுக்கு ஒரு கோடு போட்டார். ஜன்னல் வழியே கடல் வெளிச்சம் விழுந்ததில் கம்பளிக் கட்டுகள் களத்து நெல்லாகத் தெரிந்தன. மாசி மாதக் கும்பப்பூ அறுப்பில் நான் நெல் அளந்தபோது, "ஒண்ணுண்ணு சொல்லப்பிடாது, லாபம்ணு தொடங்கணும்" என்று நீ அதட்டியது காதில் கேட்டது.

கடைசியில் ஒன்பது கட்டுகளில், கட்டுக்கு ஒன்றாக ஒன்பது கம்பளி குறைந்தது. பழைய அதிகாரி முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு கட்டையும் நான் "லாபம், டூ, த்ரீ" என்றே எண்ணியிருக்கிறேன். லாபம் ஏதோ சாமி பேர் என்று நினைத்து முகர்ஜி கோடு போடவில்லை. திரும்ப எண்ணினோம், சரியாக இருந்தது. பயப்படாதே.

நம் வயல் புதுநெல் ஒரு கைப்பிடி தபாலில் அனுப்பு. சமைக்க அல்ல, தலையணைக்கடியில் வைக்க.

தபால்காரர் காத்திருக்கிறார். லீவுக்கு முப்பது நாள். இன்றைய நாள் லாபம், முகர்ஜி மாதிரி நானும் கோடு போடவில்லை. இருபத்தொன்பதுதான்.

உன்,
பரமார்த்தலிங்கம்