இருபத்துமூன்றாவது பேர்

கட்டபெட்டு
23.10.2024

அன்புள்ள சுஜிக்கு,

சென்சார்கள் வைத்த உன் பார்சல் ஆயுதபூஜைக்கு முன்பே வந்துவிட்டது. பிள்ளைகள் பெட்டியைப் பிரித்த வேகத்தில் நீ உள்ளே வைத்திருந்த கடிதமும் கிழிந்துபோனது. ஒட்டிவைத்துப் படித்தேன். டவர் கிடைக்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு உன்னையும் கடிதம் எழுத வைக்கிறேன் என்று சலித்துக்கொண்டிருக்கிறாய். கோயம்புத்தூர்க்காரி ஆகிவிட்டால் இப்படித்தான்.

நம் அறிவியல் கூடம் நன்றாக நடக்கிறது. அந்தக் காலத்தில் வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன பிள்ளைமடுவம்தானே அது, தொட்டில் கட்டிய கம்பிகள் இன்னும் கூரையில் இருக்கின்றன. அவற்றில் ஒயர் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறோம். பூஜையில் சால்டரிங் கம்பிக்கும் பொட்டு வைத்தோம். போன பருவத்தில் பிள்ளைகள் செய்த இரும்பு கண்டுபிடிக்கும் கம்பிச்சுருள், அருக்காணி அக்காவின் ஊட்டுச் சாவியைத் தேயிலைத் தூரிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்களுக்கெல்லாம் எங்கள்மேல் தனி மரியாதை.

இந்தப் பருவம், ஊர்ப் பிரச்சினை ஒன்றுக்கு நீங்களே ஒரு கருவி செய்யுங்கள் என்றேன். எட்டாவது படிக்கும் மனிஷா எழுந்து, "மிஸ்ட்டு எறங்குனா ஒம்பதாம் நம்பர் தேயிலைக் காட்டுல யாரு உள்ள இருக்காங்க, யாரு வெளிய வந்தாங்கன்னே தெரியறதில்லீங்க டீச்சர். எண்ணுற மிசின் ஒண்ணு செய்யலாங்க" என்றாள். என் கதை அவளுக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாததா. எனக்குக் காய்ச்சல் என்று அம்மா அன்று கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, பிந்தித்தான் வேலைக்குக் கிளம்பினாள். திரும்பவில்லை. ஆள் வருகை எழுதும் செக்ரோல் நோட்டில் அன்றைக்கு அவள் பேர் விழவில்லை. அதனால் வேலைக்கே வரவில்லை, எவனோடோ பஸ் ஏறி மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். வேலைக்குத்தான் போனாள் என்று பதினாலு வயதுப் பெண் சொன்னதை யார் கேட்டார்கள். பதினைந்து வருடமாக நான் 'ஓடிப்போன மூக்கம்மா மகள்'. டீச்சர் ஆன பிறகு முகத்துக்கு நேரே சொல்வதில்லை, அவ்வளவுதான். அப்பா சாகும்வரை அவள் பேரை வாயில் எடுக்கவில்லை.

சரி, கருவிக்கு வருகிறேன். ஒன்பதாம் நம்பர் காட்டு கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவே, நாயும் கோழியும் கணக்கில் வராதபடி இடுப்பு உயரத்தில் இரண்டு ஒளிக்கதிர் வைத்தோம். எது முதலில் மறைகிறதோ அதைக்கொண்டு ஆள் உள்ளே போகிறாரா வெளியே வருகிறாரா என்று எண்ணிக்கொள்ளும். போனதும் வந்ததும் சமமானால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. லீவு நாட்களில் நீ உங்கள் மேஸ்திரி அப்பாவுக்காக செக்ரோல் நோட்டோடு உட்கார்ந்திருப்பாயே, அதே கேட்தான்.

மூன்று நாள் பச்சை எரிந்தது. நேற்று நல்ல மூடுபனி. உள்ளே போனது 22. வெளியே வந்தது 23. நான் தலையை எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு பேர்தான் நின்றார்கள். எங்கே தப்பு என்று எழுது.

உன்
தீபா

*

கோயம்புத்தூர்
28.10.2024

அன்புள்ள தீபா,

சால்டரிங் கம்பிக்குப் பொட்டு வைத்ததைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். உன் மிசினுக்குப் பேய் பிடிக்கவில்லை, ஈரம் பிடித்திருக்கிறது. மூடுபனியில் நீர்த்துளி ஒளியைச் சிதறடிக்கும். சென்சார் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் கறுப்புக் குழாய் மாட்டு. யாராவது கூடையோடு கேட்டில் திரும்பி நின்றாலும் இரண்டாக எண்ணும். அதனால் ஓர் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் இடையே இரண்டு நொடி வை.

அப்பா இறந்த பிறகு வரும் முதல் தீபாவளி, அதனால் எங்கள் ஊட்டில் பலகாரம் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் மிட்டாய் வைத்திருக்கிறேன். நீ தின்றுவிடாதே.

உன்
சுஜாதா

*

கட்டபெட்டு
6.11.2024

அன்புள்ள சுஜி,

குழாய் மாட்டியாயிற்று. இரண்டு நொடியும் வைத்தாயிற்று. வெயில் அடிக்கும் நாளில் கணக்கு ஒரு பிசகும் இல்லை. மூடுபனி இறங்கிய நாள் ஐந்து. ஐந்து நாளும் வெளியே வந்ததில் ஒன்று கூடுதல்.

பிள்ளைகள் நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். கடைசிப் பெண் கேட்டைத் தாண்டி நாலு நிமிடம் கழித்து ஒரு முறை எண் ஏறுகிறது. எல்லோரும் கொழுந்து எடை போடப் போய்விட்ட பிறகு, ஆளே இல்லாத கேட்டில். ஈரம் என்றால் கண்டபடி அல்லவா எண்ண வேண்டும். தினமும் ஒன்றே ஒன்று, அதுவும் வெளியே வரும் பக்கமாக.

திங்கட்கிழமை மனிஷா, கேட்டிலேயே நின்று பார்ப்பேன் என்று அடம் பிடித்தாள். நானும் பத்தடி தள்ளி நின்றேன். நாலு மணிதான், ஆனால் எதிரே இருக்கும் தேயிலைச் செடி தெரியவில்லை. கருவியில் 'டிக்' என்று எண் ஏறியது. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மனிஷா மட்டும் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஏன் ஒதுங்கினாய் என்று கேட்டேன். "தூக்குப்போசி மூடி ஆடுற சத்தம் கேட்டுச்சுங்க. யாரோ வர்றாங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள்.

சும்மா உளறாதே என்று அதட்டிவிட்டேன். ஊட்டுக்கு வந்துதான் அழுதேன். அம்மா கஞ்சி கொண்டுபோகும் தூக்குப்போசியின் மூடி லொடலொட என்று ஆடும், நூல் போட்டுக் கட்டியிருப்பாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதை நான் இந்தப் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. பயமாக இருக்கிறது சுஜி. பயத்தைவிட, இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

உன்
தீபா

*

கோயம்புத்தூர்
11.11.2024

தீபா,

அவசரமாக எழுதுகிறேன். வேலை அதிகம்.

இத்துடன் வேறொரு சிப் வைத்திருக்கிறேன், பழையதைக் கழற்றிவிட்டு இதைப் போடு. காற்றில் ஈரம் ஓர் அளவுக்குமேல் போனால் வெளியே வந்த கணக்கில் இது தானாகவே ஒன்றைக் கழித்துவிடும். பச்சை எரியும். பிள்ளைகளிடம் சொல்லத் தேவையில்லை. எல்லாக் கருவியிலும் இப்படி ஒரு திருத்தம் இருக்கும், தப்பில்லை.

சத்தம் கேட்டது என்பதையெல்லாம் வளர்க்காதே. உனக்கு உடம்பு கெட்டுவிடும். பிள்ளைகளை மேல் நிரைத் தேயிலைப் பக்கம் போகவிடாதே. அங்கே ஓடைச் சரிவு மோசம்.

சுஜாதா

*

கட்டபெட்டு
16.11.2024

சுஜாதா,

சிப்பை நான் போடவில்லை. மனிஷாவிடம் மறைக்கவும் எனக்குத் தெரியவில்லை, காட்டிவிட்டேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணக் கழிச்சுட்டா அந்த ஆளு உள்ளேயேதான இருக்கோணும், டீச்சர்?" என்று கேட்டாள்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நான் எழுதிய கடிதங்களையும் நினைவில் ஓட்டிப் பார்த்தேன். கேட்டைப் பற்றி எழுதினேன். தூக்குப்போசியைப் பற்றி எழுதினேன். மேல் நிரையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்தப் பருவம் அங்கே யாரும் பறிக்கப் போகவும் இல்லை. உனக்கு ஏன் மேல் நிரை ஞாபகம் வந்தது?

பதினைந்து வருடமாக நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அன்றைக்கு அந்த கேட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தது யார்?

தீபா

*

கோயம்புத்தூர்
25.11.2024

தீபா,

நான்தான்.

அன்று காலையிலிருந்தே மூடுபனி. அப்பா ஃபேக்டரிக்குப் போயிருந்தார். பிந்தி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். உங்கள் அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். "புள்ளைக்குக் காய்ச்சல் கண்ணு, பேரு போட்டு உடு சாமி" என்றார். என் தோழியின் அம்மா ஆயிற்றே என்று இருபத்துமூன்றாவதாகப் பென்சிலில் எழுதினேன். மற்றவர்கள் கீழே பறித்துக்கொண்டிருந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் மேல் நிரைக்குப் போங்கள் என்று கை காட்டியதும் நான்தான்.

சாயங்காலம் எடை போட வந்தது இருபத்திரண்டு பேர். அப்பா தூரத்தில் வந்துகொண்டிருந்தார். நோட்டில் ஒரு பேர் கூடுதலாக இருந்தால், ஏன் சேர்த்தாய் என்று கேட்பார். உங்கள் அம்மா குறுக்கு வழியில் ஊட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ரப்பரை எடுத்து அழித்தேன். கணக்கு சரியாக இருந்ததால் யாரும் தேடவில்லை.

மறுநாளே சொல்லியிருக்கலாம். ஓடிப்போய்விட்டாள் என்று எல்லோரும் சொன்னபோது, அப்படியே இருக்கட்டும் என்று நானும் நம்பத் தொடங்கினேன். அடுத்த வாரம் அந்தப் பெருமழை வந்தது. மேல் நிரைக்குக் கீழே, அவர் வழுக்கி விழுந்திருக்கக்கூடிய ஓடையோரம், மண் சரிந்து மூடியது. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய். நான் உனக்கு நோட்டு எழுதிக் கொடுத்தேன்.

உன் பிள்ளைகளுக்குக் கருவிகள் அனுப்பத் தொடங்கியதும் இதனால்தான். ஏதோ ஒன்றைச் சரிக்கட்டலாம் என்று நினைத்தேன். கடைசியில் மறுபடியும் ஒன்றைக் கழிக்கச் சொல்லி உனக்கே எழுதியிருக்கிறேன்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுது.

சுஜி

*

கட்டபெட்டு
15.12.2024

சுஜாதாவுக்கு,

உன் கடிதத்தைக் கேட்டில் நின்று அருக்காணி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அக்கா ஒரு தரம் கருவியைப் பார்த்தார், ஒரு தரம் என்னைப் பார்த்தார். "மிசினுக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்குதுங்க டீச்சர். நம்முளுக்குத்தான் இல்ல" என்றார்.

நவம்பர் முப்பதாம் தேதி, சனிக்கிழமை, போலீஸில் சொல்லிவிட்டுத் தேடப் போனோம். பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. அவர்கள் செய்த கம்பிச்சுருளை அருக்காணி அக்கா தூக்கி வந்தார். இந்த வருட மழை ஓடைச் சரிவை மறுபடி திறந்து விட்டிருந்தது. சுருள் சத்தம் போட்ட இடத்தில் தோண்டினார்கள். முதலில் கொழுந்து வெட்டும் கத்தரி வந்தது. அதற்குக் கீழே தூக்குப்போசி. மண்ணைத் துடைத்தேன். கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்த 'பா. மூக்கம்மா' அப்படியே இருந்தது. மற்றதை நான் எழுதப்போவதில்லை.

கேட்டில் மனிஷா நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அன்று மூடுபனி கிடையாது, சுள்ளென்ற வெயில். உள்ளே போனவர்கள் முப்பத்தொரு பேர். அம்மாவை ஒரு சேலையில் ஏந்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தோம். கருவி முப்பத்திரண்டு என்று காட்டியது. மனிஷா அடித்துத் திருத்தாமல் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு நாலு நாள் மூடுபனி இறங்கியது. நாலு நாளும் இருபத்திரண்டும் இருபத்திரண்டும், பச்சை விளக்கு. மூன்று நாள் நான் கேட்டில் நின்று காது கொடுத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

போலீஸ் முடித்துக் கொடுக்கப் பத்து நாளுக்குமேல் ஆயிற்று. கார்த்திகைக்கு முதல் நாள் கொள்ளி வைத்தேன். தோட்டத் தொழிலாளர் லைனில் அத்தனை ஊட்டுக்காரர்களும் வந்தார்கள். உன் கடிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். உன்னிடம் விசாரிக்க வருவார்கள். அப்போது நீயும் பதினாலு வயதுப் பெண் என்பதைச் சொல்லியிருக்கிறேன், அது உண்மை. மற்ற பதினைந்து வருடத்துக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

சென்சார்களைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளைகளுக்கு அவை வேண்டும். இனிமேல் பார்சல் அனுப்பினால் அதற்குள் கடிதம் வைக்காதே.

நேற்று வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, இந்த டீச்சர் யாருங்க என்று கேட்டாள். அருக்காணி அக்கா சொன்ன பதிலையே கீழே கையெழுத்தாகப் போடுகிறேன்.

மூக்கம்மா மகள்,
தீபலட்சுமி