கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை

திண்டிவனம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகன் குமரேசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை கலைப்பிரியா, அவள் பெற்ற பச்சைக்குழந்தை நால்வரும் உயிரோடு இருக்கிறோம். உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்கிறேன். நீயும் மருமகள் தமிழ்மணியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இதை முதலில் நீ மட்டும் படி, போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள், நிறைமாதக்காரி காதில் இதெல்லாம் விழ வேண்டாம்.

பிரியா பிரசவத்துக்கு வந்ததும் நடு அறைக்கு ஏ.சி. போட்டோமே, குளிர்ச்சி நிற்கவில்லை என்று அப்பா புலம்பியபோது, கனடாக் குளிர் உள்ளே வராமல் கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் பட்டை ஒட்டியிருப்பதை நீ வீடியோவில் காட்டினாய். உன் அப்பாவைத்தான் தெரியுமே, எள் என்றால் எண்ணெயாக நிற்பார். விழுப்புரம் போய் ரப்பர் பட்டை வாங்கிவந்து ஜன்னல் சட்டத்தில் ஒட்டி, நிலையைச் சுற்றி ஒட்டி, கதவுக்கு அடியிலும் ரப்பர் வைத்த தகடு ஒன்றை அடித்தார். ஊதுவத்தி கொளுத்தி இடுக்கில் காட்டினார், புகை ஆடவில்லை. எறும்புகூட நுழையாது என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

போன வெள்ளிக்கிழமை, பிள்ளை குளிப்பாட்ட வரும் சின்னபொண்ணு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். வழக்கம்போல் தூபக்காலில் கரிநெருப்பு கொண்டுவந்து சாம்பிராணி காட்டினேன். மழைக் காற்று, குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று ஏ.சி.யை நிறுத்தி, தூபக்காலை மூலையிலேயே விட்டுக் கதவைச் சாத்தினேன். புகை அடங்கிவிட்டது, வெறும் கனல் என்ன செய்யும் என்று நினைத்தேன். பிரியா தலை வலிக்குதும்மா என்றாள், பிள்ளை பெத்த உடம்புன்னா வலிக்கத்தான் செய்யும், தூங்குடி என்றேன். அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், உள்ளே சத்தமே இல்லை, நன்றாகத் தூங்குகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேனடா. மறந்துபோன வெற்றிலைப் பையை எடுக்கத் திரும்பி வந்து கதவைத் திறந்த சின்னபொண்ணு, "யக்கா, ஜல்தி வாக்கா, பாப்பா எழுந்துக்க மாட்டேங்குது" என்று அலறினாள். பிரியா கண் திறக்கவில்லை, குழந்தை துணி மாதிரி துவண்டு கிடந்தது. இருவரையும் வாசலுக்குத் தூக்கிவந்தோம், வெளிக்காற்று பட்டபிறகுதான் குழந்தை முனகியது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தபிறகுதான் பிரியா கண் திறந்தாள். கரி எரிகிற விஷக்காற்று கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் கிடையாது, மூடின ரூமில் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா என்னைத் திட்டினார். உங்கள் இருவருக்கும் இதே கையால்தான் சாம்பிராணி போட்டேன், அந்த ஓட்டு வீட்டில் கூரையெல்லாம் இடுக்கு, அதுதான் காப்பாற்றியது என்று எனக்கு எங்கே தெரியும்.

இப்போது என் பயமெல்லாம் உன் வீட்டைப் பற்றித்தான். இந்தக் கடிதம் கொண்டுவரும் உன் மாமியார் பெட்டியில் சாம்பிராணியும் தூபக்காலும் வருகின்றன. கோலியனூரில் அவர்கள் வீட்டுக்கு நேரிலேயே போய்ச் சொன்னேன். "இன்னா சம்பந்தி, எத்தினி கொழந்திங்களுக்குப் போட்டுக்கினு வர்றோம், அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, கறி சுடுற கரி அங்கியே விக்கிறாங்களாம்" என்று சிரிக்கிறார்கள். மாமியார் என்று மரியாதை பார்த்து வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. பட்டையைப் பிடுங்கச் சொல்லவில்லை, உங்கள் ஊர்க் குளிருக்கு அது வேண்டும். நெருப்பு உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான். அந்த விஷக்காற்று வந்தால் கத்துகிற கருவி ஒன்று உண்டாமே, அது உன் வீட்டில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார்.

அப்பா அன்று மாலையே கதவடித் தகட்டைக் கழற்றி எறிந்தார், அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை, நீ அவரிடம் கடுமையாக எதுவும் கேட்காதே. இப்போது கதவுக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் இருக்கிறது. குழந்தை அழுதால் அடுப்படி வரைக்கும் கேட்கிறது. இதை எழுதும்போதும் அழுகிறது, அழட்டும், கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நூறாயுசு நன்றாக இருக்க வேண்டும். மருமகளை மாடிப்படி ஏறும்போது பார்த்து ஏறச் சொல். மாமியார் பெட்டியைத் திறக்கும்போது நீ பக்கத்திலேயே இரு.

உன் அம்மா,
ராஜாமணி