பதிவு மேசையில் நான் சொல்லாத சொல்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நேற்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் உளறிக்கொட்டினேன். வரிசையாக எழுதினால் தடுமாற மாட்டேன் என்று நினைக்கிறேன்.

1. அம்மாவுக்கு வந்திருப்பது என்ன.
2. நடக்கும் சிகிச்சை.
3. அம்மா கூச்சப்பட்டுச் சொல்லாததால் நான்கு மாதம் வீணானது.

கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஹார்மோனின் தூண்டுதலில் மெதுவாக வளர்பவையாம். அம்மாவுடையது சீரஸ் என்ற அரிய வகை, அதற்கு ஹார்மோனின் தயவு வேண்டாம், வயதாகி மெலிந்த சவ்விலும் முளைக்கும், கட்டி சிறிதாக இருக்கும்போதே செல்கள் உதிர்ந்து வயிற்றுக்குள் பரவக்கூடும் என்றார் டாக்டரம்மா. அதனால் கர்ப்பப்பை, சினைப்பைகள், நிணநீர்க் கணுக்கள், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை எல்லாவற்றையும் எடுத்தார்கள். அந்தத் திரையில் கடுகளவு புற்று இரண்டு இடங்களில் இருந்தது. முன்பே வந்திருந்தால் இருந்திருக்காதா என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ, ஆறில் இரண்டு முடிந்தது. செல்களின் மேல் ஒரு புரதம் மிகுதியாக இருந்தால் அதைக் குறிவைக்கும் மருந்தும் சேர்ப்பார்களாம், முடிவுக்குக் காத்திருக்கிறோம். முடி கொட்டிவிட்டது. என் வழுக்கையைத் தடவி, இப்பத்தான் ஜோடிப் பொருத்தம் சரியா இருக்கு என்கிறாள். காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும், தெர்மாமீட்டர் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. உடம்பில் ஏதாவது மாறுதல் தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இதுவரை எழுதியதை அம்மா வாங்கிப் படித்தாள். மூணாவது யாருங்க சொன்னது, தீட்டு நின்னு வருஷமாகியும் ரத்தக் கறை பட்ட அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேனே என்றாள். கோபப்படக்கூட இல்லை. உண்மைதான். அன்றே கூட்டிப்போனேன். பதிவு மேசையில் இருந்த பையன் என்ன பிரச்சனை என்று கேட்டான், பின்னால் வரிசை நின்றது. முப்பது வருடம் வகுப்பில் பூவின் சூலகத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகம் சொன்னவன், வயிற்று வலி என்றேன். வயிற்று டாக்டரிடம் அனுப்பினார்கள். அங்கேயும் அம்மா வாயைத் திறக்குமுன் நானே பதில் சொன்னேன். நான்கு மாதம் அவள் அமிலத்துக்கு மாத்திரை விழுங்கினாள்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. கூச்சம் என்னுடையது.

அப்பா